மாடி ஏறாத வைஃபை: 6,000 ரூபாய் திட்டத்தில் ஒரு வீட்டு நெட்வொர்க்

பின்னணி

மதுரைப் புறநகரில் ஒரு மாடி வீடு. கீழ்த்தளம் 1990களில் கட்டியது, சுவரெல்லாம் 9 அங்குலச் செங்கல். மாடி பின்னால் எழுப்பியது. தளம் ஒவ்வொன்றும் ஆயிரம் சதுர அடி இருக்கும். கீழே ஓய்வுபெற்ற பெரியவரும் அவர் மனைவியும். மேலே மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை. மருமகள் மாலை 6 முதல் 8 வரை ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார்.

இணைப்பு 150 எம்பிபிஎஸ் ஃபைபர். வீட்டில் இரண்டு லேப்டாப், பெரியவரின் பழைய டெஸ்க்டாப், ஹாலில் ஸ்மார்ட் டிவி, ஆறு போன், ஒரு வைஃபை பிரிண்டர், நான்கு கேமராவின் காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டி.

புகார் மூன்று. மாடியில் மாலை நேரத்தில் வீடியோ அழைப்பு உறைந்து நிற்கிறது. பிரிண்டர் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. கரண்ட் போய் வந்தால், இன்வெர்ட்டர் இருந்தும், நெட் திரும்ப மூன்று நிமிடம் ஆகிறது. இதற்கு முன்பே 1,400 ரூபாய்க்கு ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கி மாடியில் செருகியிருந்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது போலத் தோன்றியது, அவ்வளவுதான். இணைப்பு கொடுத்த நிறுவனம் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னது. ஒரு கடையில், ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மூன்று பெட்டி கொண்ட மெஷ் வைஃபைக்கு 14,000 ரூபாய் விலை சொன்னார்கள்.

பெரியவர் ஒதுக்கிய தொகை 6,000 ரூபாய். மருமகளின் தம்பி, அதாவது மகனின் மைத்துனர், ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவர்; வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கூலி இல்லை. கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரும் அவருடையவை. கீழே வரும் கணக்கைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் நாள்: வாங்கும் முன் அளந்தது

முதல் நாள் எதையும் வாங்கவில்லை, எதையும் கழற்றவில்லை. கையில் ஒரு லேப்டாப், ஒரு மீட்டர் லேன் கேபிள், வைஃபை சிக்னலை அளக்கும் இலவச ஆப் உள்ள போன். தெரிய வேண்டியது முதலில் ஒன்றுதான்: குறை வெளியிலிருந்து வருகிறதா, வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா?

அதற்கு எளிய சோதனை பிங்: ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஆனால் வெளியே ஏதாவது ஒரு தளத்துக்குப் பிங் அடித்தால் இரண்டும் கலந்துவிடும். அதனால் வீட்டின் ஃபைபர் பெட்டிக்கே, அதாவது 192.168.1.1 முகவரிக்கே அடிக்கப்பட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் கேபிளில் செருகி அடித்தால் நூற்றுக்கு நூறும் ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்பின. மாடியில் மகன் வேலை செய்யும் அறையில் வைஃபையில் மதியம் 3 மணிக்கு 5 முதல் 10 மில்லிசெகண்ட். அதே நாற்காலியில் இரவு 7 மணிக்கு நூற்றில் 93தான் திரும்பின. திரும்பியவையும் 40 முதல் 380 மில்லிசெகண்ட் வரை தள்ளாடின. இந்தப் பிங் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆகவே 300 எம்பிபிஎஸ் திட்டம் அந்த இடத்திலேயே தள்ளுபடியானது.

அடுத்து வேகம். டெஸ்க்டாப் கேபிளில்தான் இருந்தது. அதில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினால் 94. மறுபடி ஓட்டினால் 94.1. 150க்குப் பணம் கட்டும் வீட்டில் இந்த எண் ஒரு துப்பு. 100 எம்பிபிஎஸ் லேன் துளையில், பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற விவரங்களின் சுமை போக, பயன்பாட்டுக்குக் கிடைப்பது 94, 95தான். வைஃபை தடுமாறினால் எண் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் 94இல் ஆணியடித்தது போல நின்றால் வழியில் எங்கோ 100 துளை இருக்கிறது, அல்லது கேபிளில் ஒரு ஜோடி அறுந்திருக்கிறது. ஃபைபர் பெட்டியின் பின்னால் நான்கு துளை. டெஸ்க்டாப் இரண்டாவதில் இருந்தது. கேபிளை முதல் துளைக்கு மாற்றியதும் 150ஐத் தொட்டது. நான்கில் ஒன்று மட்டும் கிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ்; மற்ற மூன்றும் 100. குறைந்த விலைப் பெட்டிகளில் இது சகஜம். மேலட்டையில் யாரும் எழுதி வைப்பதில்லை.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 21 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு. இந்த வகைப் பெட்டிகள் மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் வெளி ஃபைபரில் குறையில்லை.

இனி இருப்பிடம். ஃபைபர் வயர் எந்த ஓட்டை வழியே உள்ளே வந்ததோ, அதற்குப் பக்கத்திலேயே ஆணியடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஹால் மூலை, பரணுக்கு அடியில், இரும்பு பீரோவின் தலைக்குப் பின்னால். பீரோ மேல் பித்தளைப் பாத்திரங்கள் வேறு. ஹாலில் சிக்னல் மைனஸ் 42 டிபிஎம், சமையலறையில் மைனஸ் 61, மாடிப்படித் திருப்பத்தில் மைனஸ் 70, மகனின் அறையில் மைனஸ் 79. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் 5 அந்த அறையை எட்டவே இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதில் 2.4ஐவிட அது சோனி.

எக்ஸ்டெண்டர் இருந்தது அதே மைனஸ் 79 அறைக்குள். அங்கே போன் ஐந்து கோடு காட்டும், ஏனென்றால் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே இரண்டடிதான். எக்ஸ்டெண்டருக்கும் கீழே உள்ள பெட்டிக்கும் இடையே உள்ள பாழ் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரே ரேடியோவில் வாங்கி ஒருமுறை, கொடுத்து ஒருமுறை என்று ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு தடவை காற்றில் போவதால் வேகம் பாதியாகிறது.

மாலையில் மட்டும் ஏன் மோசம்? ஆப்பில் பார்த்தால் இரவு 7 மணிக்கு அக்கம்பக்கத்து வைஃபை 14 தெரிந்தது. இந்த வீட்டுப் பெட்டி 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 9ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தது. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1, 6, 11 என்ற மூன்று இடந்தான் உண்டு. அகலத்தை 40 ஆக்கினால் வேகம் கூடும் என்று பெட்டி நினைக்கிறது. நடப்பது, தெருவில் உள்ள எல்லாருடைய பேச்சும் முடியும்வரை காத்திருப்பது.

முடிவும் காரணமும்

மெஷ் பெட்டிகள் நல்ல பொருள்தான். ஆனால் கேபிள் இல்லாமல் வைத்தால் அவையும் அதே கான்கிரீட் தளத்தைத்தான் ஊடுருவிப் பேச வேண்டும். கேபிள் இழுப்பதாக இருந்தால் 14,000 ரூபாய்ப் பெட்டிக்கு அவசியமே இல்லை. கரண்ட் லைன் வழியாக நெட்டைக் கடத்தும் அடாப்டரும் யோசிக்கப்பட்டது. வீட்டுக்கு மும்முனை இணைப்பு. மாடியும் கீழும் வெவ்வேறு ஃபேஸில் ஓடுவதை எலக்ட்ரீஷியன் உறுதி செய்தார். வேலை செய்தாலும் செய்யும், செய்யாமலும் போகும் என்ற பொருளில் 3,000 ரூபாய் போட இந்தத் திட்டத்தில் இடமில்லை.

எடுத்த முடிவு: இடம் மாறாத பொருளுக்கெல்லாம் வயர், கையில் தூக்கித் திரிவதற்கு மட்டும் வைஃபை. கீழிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுத்து, மாடி நடையில் இரண்டாவது ரவுட்டரை வெறும் வைஃபை நிலையமாக வைப்பது. கீழே முதல் துளையிலிருந்து, ஒரு கேபிளைப் பலவாகப் பிரித்துத் தரும் ஓர் ஐந்து துளை கிகாபிட் சுவிட்ச். டிவிஆருக்கு 100 துளையே தாராளம். அது பெட்டியிலேயே இருக்கட்டும். ஃபைபர் பெட்டியைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஹாலின் நடுச் சுவருக்கு, ஏழடி உயரத்துக்கு மாற்றுவது. இதை வீட்டுக்காரர்கள் செய்யக் கூடாது. உள்ளே உள்ள கண்ணாடி இழை கூர்மையாக மடித்தால் போய்விடும். முனையில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. லைன்மேன் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அரைமணியில் மாற்றித் தந்தார். மாற்றிய பிறகு ஒளியின் அளவு மைனஸ் 22. ஒரு டெசிபல் குறைந்ததற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

ரவுட்டர் வாங்கும்போது கவனித்தது ஒன்றே ஒன்று. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள இரட்டை அலைவரிசை ரவுட்டர்களில் பலவற்றுக்கு லேன் துளை 100தான். அட்டையில் 1,200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது இரண்டு ரேடியோவின் கூட்டுத்தொகை. பின்பக்கச் சிறிய எழுத்தில் கிகாபிட் துளை என்று இருந்ததை மட்டும் தேடி 1,850 ரூபாய்க்கு வாங்கியாயிற்று.

இரண்டாம் நாள்: குழாயும் கேபிளும்

சுவரை வெட்டாமல் மாடிக்குப் போக வழி இருந்தது. கேபிள் டிவி காலத்தில் ஹாலிலிருந்து மாடி ஹாலுக்குச் சுவருக்குள் முக்கால் அங்குல பைப் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளே பழைய டிவி வயர் சும்மா கிடந்தது. கரண்ட் வயர் போகும் பைப்பும் பக்கத்திலேயே இருந்தது, எலக்ட்ரீஷியன் அதைத்தான் முதலில் காட்டினார். அது வேண்டாம் என்று முடிவானது. 230 வோல்ட் வயரின் தோல் எங்காவது உரிந்தால் லேன் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வந்து சேரும். இரைச்சல் பிரச்சினை அதற்கு அடுத்ததுதான்.

பழைய டிவி வயரையே கயிறாக்கி இரண்டு லேன் கேபிள் சேர்த்து இழுக்கப்பட்டது. ஒன்று வைஃபை நிலையத்துக்கு, ஒன்று மகனின் மேசைக்கு. ஒன்றை இழுக்கிற உழைப்பில் இரண்டை இழுத்துவிடலாம். பிறகு ஒன்றை மட்டும் சேர்ப்பதுதான் பெரும்பாடு. முனைகளை ஒரே இடத்தில் கட்டாமல் இரண்டு அங்குலம் முன்பின்னாக வைத்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் பென்சில் முனை போல ஆக்கி, முகப்பவுடரைத் தடவி, மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும். தள்ளிக் கொடுப்பவர்தான் முக்கியம். வளைவில் சிக்கியபோது மேலே இருந்தவர் பலமாக இழுத்துவிட்டார். இதன் விளைவு ஐந்தாம் நாள் தெரிந்தது.

கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர் முன்கூட்டியே 40 மீட்டர் வாங்கி வைத்திருந்தார், மீட்டர் 9 ரூபாய். மேல்தோலில் கேட்6 என்ற தரப் பெயர் அச்சிட்டிருந்தது. சுருளைத் தூக்கியபோதே எடை போதவில்லை. மைத்துனர் முனையை உரித்து, ஒரு கம்பியை விரலில் வைத்துப் பிளேடால் இரண்டு முறை சுரண்டினார். செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தது.

“கடைக்காரர் கேட்6ன்னுதான தம்பி கொடுத்தாரு?”

“தோல் மேல அப்படித்தான் போட்டிருக்கு மாமா. உள்ள அலுமினியம், மேல செம்பு முலாம். சிசிஏன்னு சொல்லுவாங்க.”

தரப்படி கேட்5இ, கேட்6 கேபிள்களின் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். முலாம் கேபிளில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைவிட, அலுமினியம் வளைத்தால் செம்பைப் போல இணங்காது, ஒடியும். இது தெரிந்தும் அன்று அதையே பயன்படுத்த முடிவானது. தூரம் 16 மீட்டர்தான், கேபிள் வழியே கரண்ட் எதுவும் போகப்போவதில்லை, வெட்டிய சுருளைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள், 360 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. நான்கு காரணமும் நியாயமாகத்தான் பட்டன.

முனைகளை முதலில் எலக்ட்ரீஷியனே கிரிம்ப் செய்தார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று ஜோடி ஜோடியாக, பார்க்க அழகான வரிசை. இரு முனையிலும் அதே வரிசை என்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. லேப்டாப்பில் இணைப்பு வந்து வந்து போனது. 250 ரூபாய் டெஸ்டர் பார்ப்பது கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டுமே. எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லேன் துளையில் 3ஆம், 6ஆம் முள் ஒரு ஜோடி. அவருடைய வரிசையில் அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்கில் போய்விட்டன. முறுக்கு இல்லாத ஜோடி பக்கத்து ஜோடியின் சத்தத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

டி568பி என்ற தர வரிசையில் மறுபடி செய்யப்பட்டது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வெளித்தோல் கனெக்டருக்குள் நுழைந்து கிளிப்புக்கு அடியில் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் இழுவை எல்லாம் எட்டுக் கம்பியின் மேல் விழும். இப்போது லேப்டாப் 1 ஜிபிபிஎஸ் காட்டியது. அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. ரவுட்டரை மறுநாள் அமைப்பதாக ஏற்பாடு.

அன்றிரவு: பிரிண்டரைக் காணவில்லை

மகன் காத்திருக்கவில்லை. புது ரவுட்டரை அட்டையிலிருந்து எடுத்து, மாடி வந்த கேபிளை, அதில் வெளி இணைப்பை வாங்கும் நீல நிற வான் (WAN) துளையில் செருகினார். நெட் வந்தது. வேகமும் நன்றாக இருந்தது. ஆனால் மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் அடியோடு மறைந்துவிட்டது. வான் துளையில் செருகினால் ரவுட்டர் தன் பங்குக்குத் தனி வீடு கட்டிக்கொள்கிறது. கீழே எல்லாருக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மேலே எல்லாருக்கும் 192.168.0. கருவிகள் ஒன்றையொன்று தேடும் அழைப்பு இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரைத் தாண்டாது.

இணையத்தில் படித்துப் பார்த்து, கேபிளை மஞ்சள் நிற லேன் துளைக்கு மாற்றினார். அது சரியான பாதி. மறு பாதியைச் செய்யவில்லை. கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி ரவுட்டரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரே நெட்வொர்க்கில் முகவரி வழங்குபவர் இருவர். ஒரு போன் உள்ளே வந்து “எனக்கொரு முகவரி” என்று கேட்டால் யார் முந்துகிறாரோ அவர் கொடுப்பதுதான். ஃபைபர் பெட்டி முந்தினால் எல்லாம் சரி. புது ரவுட்டர் முந்தினால் வெளியே போகும் வாசல் நான்தான் என்று தன் முகவரியையே சொல்லிவிடும். அதற்கோ வெளியே வழி கிடையாது. மறுநாள் காலை பெரியவரின் போனில் நெட் இருந்தது, அவர் மனைவி போனில் இல்லை. போனை அணைத்துப் போட்டால் நிலைமை மாறி மாறி வந்தது. கீழ்த்தளத்தில் யாரும் எதையும் தொடவில்லை என்பதால் பழி இணைப்பு நிறுவனத்தின் மேல் விழுந்தது. புகார் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தும்விட்டார்கள்.

சரிசெய்த முறை இது. மாடிக் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை நேரடியாகப் புது ரவுட்டரில் செருகி, அமைப்புப் பக்கம் திறந்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, சேமித்து, ரவுட்டர் மீண்டும் எழுந்த பிறகுதான் மாடிக் கேபிள் லேன் துளையில் செருகப்பட்டது. வான் துளை காலியாகவே இருக்கும். வரிசை முக்கியம்: டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டு வெளியே வந்தால், அதே பக்கத்தைத் திறக்க லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் தவிக்க நேரும். சில ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரே தேர்வில் இதெல்லாம் நடந்துவிடும். வாங்கிய ரவுட்டரில் அந்த வசதி இல்லை.

ஃபைபர் பெட்டியில் முகவரி வழங்கும் வரம்பு 100 முதல் 200 வரை என்று வைக்கப்பட்டது. பிரிண்டருக்கு 192.168.1.110 நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. அது தோன்றித் தோன்றி மறைந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் வேறு முகவரி வாங்கியதுதான். கணினிகள் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

வைஃபை அமைப்பில் மாறியவை

கீழே 2.4க்கு 1ஆம் சேனல், மாடியில் 11. இரண்டும் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். கீழ்ப் பெட்டியின் 2.4 சக்தி நடுத்தரமாகக் குறைக்கப்பட்டது. இல்லையென்றால் மாடி ஏறிய போன் கீழே உள்ள மெலிந்த சிக்னலையே பிடித்துத் தொங்கும்.

வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு அமைப்பு, பழைய முறையான டிகேஐபியும் புதிய முறையான ஏஇஎஸ்ஸும் கலந்த நிலையில் இருந்தது. டிகேஐபியில் இணையும் கருவி 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பேசாது. பழைய பிரிண்டரும் ஒரு போனும் அப்படித்தான் இருந்தன. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றப்பட்டது. அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 வைத்தால் பிரிண்டர் வெளியே நின்றுவிடும். பாஸ்வேர்ட் இல்லாமல் பொத்தானை அழுத்தி இணையவிடும் டபிள்யூபிஎஸ் அணைக்கப்பட்டது, இரு பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டும் மாற்றப்பட்டு, பெரியவரின் கணக்கு நோட்டில் எழுதி வைக்கப்பட்டது. விருந்தினருக்கான தனி வைஃபை கீழ்ப் பெட்டியில் மட்டும். மாடி ரவுட்டரிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது, ஆனால் இப்படி வெறும் வைஃபை நிலையமாக மாற்றிய மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் வைஃபை வீட்டு நெட்வொர்க்கோடு கலந்தேதான் ஓடும்.

கரண்ட் விஷயம் எதிர்பாராமல் செலவில்லாமல் முடிந்தது. மினி யுபிஎஸ் ஒன்றுக்கு 1,300 ரூபாய் ஒதுக்கலாமா என்ற பேச்சு இருந்தது. ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் அணைந்து எழுந்தது. இன்வெர்ட்டரின் பின்னால் நார்மல், யுபிஎஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச். அது நார்மலில் இருந்தது. அந்த நிலையில் மாறும் இடைவெளி பல்பு, ஃபேனுக்குப் போதும், ரவுட்டருக்குப் போதாது. யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் பெட்டி அணையாமல் நின்றது. இதற்கொரு விலை உண்டு. யுபிஎஸ் நிலையில் வோல்டேஜ் சற்று இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். மாடி ரவுட்டரின் பிளக் பாயிண்டையும் எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினார்.

ஐந்தாம் நாள்: மீண்டும் 94

மாடியில் ஸ்பீடு டெஸ்ட் 94இல் நின்றது. மகன் இப்போது அந்த எண்ணை அடையாளம் கண்டுகொண்டார். டெஸ்டரில் வைஃபை நிலையத்துக்கான கேபிளின் 7ஆம் விளக்கு எரியவில்லை. இரு முனையையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தும் எரியவில்லை என்பதால் முறிவு பைப்புக்குள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு 1, 2, 3, 6 முட்களில் உள்ள இரண்டு ஜோடி போதும். பழுப்பு ஜோடி போனதும் ரவுட்டரும் சுவிட்சும் பேசிக்கொண்டு 100க்கு இறங்கிவிட்டன. எல்லாக் கருவியும் இவ்வளவு நயமாக இறங்காது. சில, இணைப்பை விட்டு விட்டுத் தரும்.

முழுச் செம்புக் கேபிள் மீட்டர் 26 ரூபாயில் 45 மீட்டர் வாங்கப்பட்டது. வீட்டுக்குக் கேட்5இயே போதும். கடையில் விலை வித்தியாசம் மீட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் என்பதால் கேட்6. பழைய கேபிள்களையே கயிறாக்கிப் புதியவை இழுக்கப்பட்டன. வெளியே வந்த முலாம் கேபிளில் வளைவு இருந்த இடத்தில் தோல் கசங்கியிருந்தது. உரித்தால் வெள்ளைப் பழுப்புக் கம்பி இரண்டு துண்டு, முனை சாம்பல் நிறம்.

கணக்கு

செம்புக் கேபிள் 1,170. வீணான முலாம் கேபிள் 360. ரவுட்டர் 1,850. சுவிட்ச் 1,050. மாடியில் இரண்டு சுவர் ஜாக், பெட்டியோடு 340. கனெக்டர் இருபது 140. டெஸ்க்டாப் வரை சுவரோரம் ஓட்டிய பிவிசி கேசிங், திருகுகளோடு 180. எலக்ட்ரீஷியனுக்கு முதல் முறை 500, மறுபடி வந்ததற்கு 300. லைன்மேனுக்கு 300. மொத்தம் 6,190 ரூபாய்.

திட்டத்தைவிட 190 கூடுதல். முலாம் கேபிளும் அதனால் வந்த இரண்டாவது கூலியும் சேர்ந்து 660. அது இல்லாமலிருந்தால் 5,530இல் முடிந்திருக்கும். கருவி இல்லாத வீடு கிரிம்பிங் கருவிக்கும் டெஸ்டருக்கும் இன்னும் 700 ரூபாய் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரு முனையிலும் சுவர் ஜாக் போட்டு, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு மீட்டர் கேபிள்களை வாங்கிக்கொள்ளலாம்; ஜாக்கில் கம்பியை அழுத்தக் கிரிம்பிங் கருவி தேவைப்படாது.

இரண்டு மாதம் கழித்து

கீழ் டெஸ்க்டாப்புக்கும் மாடி மேசைக்கும் இடையே வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை வைத்து அளந்தால் 938 எம்பிபிஎஸ். மாடி அறைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 48 முதல் மைனஸ் 58 வரை. அதே இரவு 7 மணிக்கு மகனின் மேசையிலிருந்து பிங் நூற்றுக்கு நூறு, எல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குள். டியூஷன் நேரத்தில் உறைந்ததாகப் புகார் இல்லை. எக்ஸ்டெண்டர் அலமாரியில் இருக்கிறது.

இடையில் ஒரு நாள் வீடு முழுக்க நெட் செத்தது. மூன்றாவது வாரம், மேசையை நகர்த்தியபோது மகன் மேசைக்கான கேபிளையும் மாடி ரவுட்டரிலேயே செருகிவிட்டார். இரண்டு கேபிள் போனால் வேகம் இரட்டிப்பாகும் என்ற எண்ணம். இரண்டு கேபிளும் கீழே ஒரே சுவிட்சில் முடிகின்றன, வட்டம் விழுந்துவிட்டது. எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் பாக்கெட் இந்த வட்டத்துக்குள் ஓய்வில்லாமல் சுற்றும், பெருகும். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தன. அந்தப் படபடப்புதான் அடையாளம். போனில் விவரம் கேட்ட மைத்துனர் ஒரு கேபிளைப் பிடுங்கச் சொன்னார், ஐந்து விநாடியில் சரியானது. இப்போது அந்த முனையில் “மேசைக்கு மட்டும்” என்று எழுதிய டேப் ஒட்டியிருக்கிறது.

தீராதது ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து டிவிஆரை நேரடியாகத் திறக்க வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. ஃபைபர் பெட்டிக்கு வெளியிலிருந்து கிடைக்கும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டது. அது பல வீடுகளுக்குப் பொதுவான முகவரிக் கூட்டம். பெட்டியின் அமைப்பில் எந்த வழியைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. டிவிஆர் கம்பெனியின் கிளவுட் ஆப் வழியாகத்தான் பார்க்கிறார். நிலையான முகவரிக்குத் தனிக்கட்டணம் கட்ட அவருக்கு மனமில்லை.

மறுபடி செய்தால்

முலாம் கேபிளைப் பைப்புக்குள் விட்டிருக்கக் கூடாது. கையெட்டும் இடத்தில், சுவரோரம் ஓடும் ஐந்து மீட்டருக்கு அது பரவாயில்லை, போனால் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் புதைகிற எதற்கும் அன்றைய நான்கு காரணமும் பொருந்தாதவை. சுவிட்ச் எட்டுத் துளையாக வாங்கியிருக்க வேண்டும், 600 ரூபாய் அதிகம் ஆகியிருக்கும். ஃபைபர் பெட்டி, மாடிக்கு இரண்டு, டெஸ்க்டாப், டிவி என்று ஐந்தும் முதல் நாளே நிரம்பிவிட்டன. ரவுட்டரை அமைக்காமல் வீட்டில் விட்டுவிட்டுப் போனது மைத்துனரின் பிழை. அட்டையைத் திறந்ததற்கு மகனைக் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை பழைய டிவி வயரை இழுத்து வெளியே எடுத்தபோது அதன் இடத்தில் கயிறு எதுவும் விடவில்லை. முலாம் கேபிள் உள்ளே இருந்ததால்தான் ஐந்தாம் நாள் பிழைத்தார்கள். இரண்டாவது இழுப்பில் கேபிள்களோடு சேர்த்து ஒரு நைலான் கயிறும் போயிருக்கிறது. இரண்டு முனையும் ஜாக் பெட்டிக்குள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. மொட்டை மாடிக்கு ஒரு ஐபி கேமரா வேண்டும் என்று பெரியவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குக் கேபிள் வழியாகவே கரண்ட்டும் போகும். கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு பிளேடு எடுத்துப் போகிறாராம்.